ஜெரிக்கோ டிவிடி: இரண்டாம் சீசனில் டிஸ்க் குறைகிறதா?

மதுரை_மொட்டைமாடி

எல்லோருக்கும் வணக்கம். என் அத்தான் 2006 முதல் 2008 வரை ஒஹையோவில் வேலை பார்த்தவர். அங்கே இருந்தபோது சிபிஎஸ் சேனலில் ஜெரிக்கோ தொடரை விடாமல் பார்த்திருக்கிறார். அமெரிக்காவின் 23 நகரங்களில் அணுகுண்டு வெடித்த பிறகு கான்சாஸில் ஒரு சின்ன ஊர் எப்படிப் பிழைக்கிறது என்பதுதான் கதை. போன மாதம் அங்கே போனவர் ஒரு பழைய பொருள் கடையில் இரண்டு சீசன் டிவிடி பெட்டிகளையும் வாங்கி வந்து என்னிடம் கொடுத்தார். "பாத்துட்டு சொல்லு, அப்புறம் பேசலாம்" என்றார். எனக்கு இதுவரை பார்ப்பதற்கே வழியில்லை.

வீட்டு டிவிடி பிளேயரில் போட்டால் ரீஜன் தப்பு என்று ஒரு வரி வருகிறது, அவ்வளவுதான். மடிக்கணினியில் போட்டால் ரீஜனை மாற்றவா என்று கேட்கிறது, இன்னும் 5 முறைதான் மாற்றலாம் என்று மிரட்டுகிறது. பயந்து மூடிவிட்டேன்.

இன்னொரு சந்தேகம். முதல் பெட்டியில் 6 டிஸ்க், 22 பகுதி. இரண்டாவதில் வெறும் 2 டிஸ்க், 7 பகுதி. கடைக்காரர் மீதி டிஸ்கை எடுத்துவிட்டுக் கொடுத்தாரா? அத்தானிடம் கேட்கச் சங்கடமாக இருக்கிறது, ஆசையாக வாங்கி வந்த பொருள்.

பழையதட்டு

முதலில் ரீஜன் விஷயத்தை முடிப்போம். டிஸ்க்கிலும் கோளாறு இல்லை, பிளேயரிலும் இல்லை. டிவிடிக்கு உலகத்தைக் கூறு போட்டு வைத்திருக்கிறார்கள்: அமெரிக்காவும் கனடாவும் 1, ஐரோப்பாவும் ஜப்பானும் 2, நாம் 5. ஒரு படம் அங்கே வட்டாக வந்த பிறகும் இங்கே தியேட்டருக்கு வராமல் இருக்கலாம் என்ற காலத்தில் செய்த ஏற்பாடு. பழைய தொலைக்காட்சித் தொடருக்கு அதனால் யாருக்கு என்ன லாபம் என்று என்னைக் கேட்காதீர்கள்.

பிளேயருக்கு: தட்டைத் திறந்து வைத்து ரிமோட்டில் சில எண்களை அழுத்தினால் ஒளிந்திருக்கும் ஒரு மெனு வரும், அதில் ரீஜனை 0, அதாவது எல்லா ரீஜனும், என்று வைக்கலாம். மலிவான பிளேயர்களில் இது பெரும்பாலும் நடக்கும். எண்கள் மாடலுக்கு மாடல் மாறும், உங்கள் மாடல் எண்ணை இங்கே போட்டால் தேடித் தருகிறேன்.

மடிக்கணினியில் அவசரப்பட்டு "சரி" அழுத்த வேண்டாம். அந்த 5 எண்ணிக்கை விண்டோஸில் இல்லை, டிரைவுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. ஐந்தும் தீர்ந்தால் கடைசியாக வைத்த ரீஜனிலேயே உறைந்துவிடும். விண்டோஸை அழித்து மறுபடி போட்டாலும் அது திரும்பி வராது. முதலில் விஎல்சி பிளேயரில் திறந்து பாருங்கள். அது ரீஜனைக் கேட்காமலே ஓட்டப் பார்க்கும். சில டிரைவ்கள் விடும், சில விடாது.

மதுரை_மொட்டைமாடி

விஎல்சி முயன்றேன் அண்ணா. மெனு வருகிறது, பகுதியைத் தேர்ந்தெடுத்தால் கட்டம் கட்டமாக உடைந்து நிற்கிறது. பிளேயர் மாடல் எண் அடியில் ஒட்டியிருந்த தாளோடு போய்விட்டது.

பழையதட்டு

அப்படியானால் உங்கள் டிரைவ் விடாத ரகம். யுஎஸ்பியில் செருகும் வெளி டிவிடி டிரைவ் ஒன்று வாங்கிவிடுங்கள், விலை அதிகமில்லை. டிவைஸ் மேனேஜரில் அந்த டிரைவைத் திறந்தால் ரீஜனுக்கென்று ஒரு பக்கம் இருக்கும். அங்கே அமெரிக்கா என்று ஒருமுறை வைத்துவிட்டு அதன் தலையில் பேனாவால் "1" என்று எழுதிவிடுங்கள். என் வீட்டில் இப்படி இரண்டு இருக்கின்றன. மடிக்கணினியின் சொந்த டிரைவைத் தொடவே வேண்டாம்.

இன்னொன்று. டிவிப் படத்துக்கு நாட்டுக்கு நாடு முறை வேறு: அமெரிக்கத் தட்டு என்டிஎஸ்சி (NTSC) முறை, நம் ஊர் பால் (PAL) முறை. இப்போதைய எல்இடி டிவி இரண்டையும் வாங்கிக்கொள்ளும். பழைய குழாய் டிவியாக இருந்தால் படம் கருப்பு வெள்ளையாக வரும், இல்லாவிட்டால் உருளும்.

ரொறன்ரோ_கனி

மதுரைத் தம்பி, டிஸ்க் குறையவில்லை. அந்தத் தொடரே அவ்வளவுதான். 22ம் 7ம் 29, கதை முடிந்தது. அத்தானிடம் தாராளமாகக் கேட்கலாம், அவரும் இதையேதான் சொல்வார், கொஞ்சம் பெருமூச்சோடு.

நான் இங்கே அப்போது பார்த்தேன். 2006 செப்டம்பரில் தொடங்கினார்கள், முதலில் நன்றாகத்தான் போனது. நவம்பர் கடைசியில் நிறுத்தி, பிப்ரவரியில்தான் மறுபடி போட்டார்கள். ஏறக்குறைய மூன்று மாத இடைவெளி. வாரா வாரம் கொக்கி போட்டு இழுக்கும் கதையை அப்படி ஆறப்போட்டால் யார் திரும்பி வருவார்கள்? பார்க்கிற ஆட்கள் குறைந்தார்கள், 2007 மே மாதம் நிறுத்திவிட்டார்கள்.

முதல் சீசன் கடைசிப் பகுதியில் நாயகன் ஜேக் சரணடையச் சொல்கிற எதிரிக்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்வான்: "நட்ஸ்!" நேர்ப்பொருள் கடலை, அங்கே அது "முடியாது போ" என்கிற மாதிரி. இரண்டாம் உலகப்போரில், 1944 டிசம்பரில், பாஸ்டோன் ஊரைச் சுற்றி வளைத்த ஜெர்மானியர்கள் சரணடையச் சொன்னபோது அமெரிக்கத் தளபதி மெக்காலிஃப் எழுதி அனுப்பிய பதில் அது. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு ரசிகர்கள் சிபிஎஸ் அலுவலகத்துக்குக் கடலையாக அனுப்பினார்கள். 20 டன்னுக்கு மேலே! ஜூன் மாதம் நிறுவனம் இறங்கி வந்து 7 பகுதி தருகிறோம் என்றது. உங்கள் கையில் இருக்கிற இரண்டு டிஸ்க் அந்த ஏழுதான்.

வெண்டைக்காய்

20 டன் கடலை போட்டு 7 பகுதியா! எங்கள் கல்லூரியில் அதைவிடக் குறைவாகப் போட்டுக் கல்யாணமே முடித்திருக்கிறார்கள்.

"நட்ஸ்" என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். கடலை சரிவராது. பெரியார் சொல்வாரே, "வெங்காயம்!" அதுதான் பொருத்தம். நல்லவேளை, தமிழில் எடுத்திருந்தால் சிபிஎஸ் வாசலில் 20 டன் வெங்காயம் அழுகியிருக்கும்.

ரொறன்ரோ_கனி

சிரிப்பு அடங்கவில்லை. கடலை விற்ற பணத்தில் ஒரு பங்கு கிரீன்ஸ்பர்க் என்ற நிஜக் கான்சாஸ் ஊரைத் திரும்பக் கட்டப் போனது. 2007 மே 4ஆம் தேதி சூறாவளி அந்த ஊரைத் துடைத்துப் போட்டிருந்தது. தொடர் நின்றதும் அதே மாதம்தான்.

மதுரை_மொட்டைமாடி

கனி அக்கா, நெஞ்சில் பால் வார்த்தீர்கள். பழையதட்டு அண்ணா, டிரைவ் வாங்கி 1 என்று எழுதியும் விட்டேன். ஓடுகிறது! கூரையில் நிற்கும் பையன் தொலைவில் காளான் மேகத்தைப் பார்க்கும் இடத்தில் என் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள்.

இப்போது வேறு இரண்டு பிரச்சினை. ஒன்று, ஒவ்வொரு பகுதியிலும் பெயர் வரும்போது "டிட் டிட் டா" என்று ஏதோ குறுக்கே ஒலிக்கிறது. ஸ்பீக்கர் வயரை மாற்றியும் பார்த்துவிட்டேன். இரண்டாவது, மூன்றாம் டிஸ்க் பாதி தூரம் நன்றாக ஓடி ஒரே இடத்தில் உறைகிறது. அந்த இடத்தைத் தாண்டி ஓட்டினால் மறுபடி சரியாகிறது.

பெரியப்பாபேரன்

வயரை விடுங்கள். அது மோர்ஸ் தந்திக் குறியீடு. தொலைபேசியும் டிவியும் செத்துப்போன ஊர் இல்லையா, அதனால் பெயர் அட்டையின் மேல் ஒவ்வொரு பகுதியிலும் ஒரு சின்னச் செய்தியைத் தந்தியாக ஒளித்து வைத்திருக்கிறார்கள், கதைக்குத் துப்பு மாதிரி. என் பெரியப்பா தந்தி அலுவலகத்தில் இருந்தவர், நான் ஒருமுறை அவருக்குப் போட்டுக் காட்டினேன். தலையைச் சாய்த்து ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். படம் என்ன என்று கடைசிவரை கேட்கவே இல்லை.

பழையதட்டு

இந்த உறைதல் மட்டும்தான் உண்மையான கோளாறு. ஒரு டிஸ்க்கில் 42 நிமிடப் பகுதிகள் நான்கு அளவில் இருக்கின்றன, அதனால் இது 8.5 ஜிபி கொள்ளும் இரட்டை அடுக்குத் தட்டாக இருக்க வேண்டும். லேசர் முதல் அடுக்கை உள்ளிருந்து வெளிப்பக்கமாகப் படித்துக்கொண்டே போகும், பிறகு அடுத்த அடுக்குக்குத் தாவி வெளியிலிருந்து உள்ளே வரும். ஆக உங்கள் படம் பாதியை நெருங்கும்போது லேசர் தட்டின் வெளி ஓரத்தில் இருக்கிறது. நாம் விரலால் பிடிக்கிற இடமும் அதுதான். விளக்கில் சாய்த்து வைத்து ஓரத்தைப் பாருங்கள், கைரேகை இருக்கும்.

பழைய வேட்டித் துணியைத் துளி தண்ணீரில் நனைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில் துடைக்க வேண்டும். வட்டமாகத் தேய்க்கக் கூடாது. நேர்க்கீறல் தடத்தைக் குறுக்கே வெட்டும், அதைப் பிளேயர் சமாளித்துவிடும். வட்டக்கீறல் தடத்தோடு கூடவே ஓடினால் தொலைந்தது. பற்பசை போடச் சொல்லி யாராவது வருவார்கள், கேட்காதீர்கள்.

வெண்டைக்காய்

நான் சொல்லத்தான் வந்தேன். திரும்பிப் போகிறேன்.

மதுரை_மொட்டைமாடி

துடைத்ததும் போய்விட்டது அண்ணா! கைரேகைதான், அதுவும் ஜாங்கிரி பாகு மாதிரி. பழைய பொருள் கடையைச் சொல்லிக் குற்றமில்லை, என் அக்கா மகனின் விரல் அளவுக்கு இருந்தது.

29 பகுதியும் நேற்று முடிந்தது. இப்போது வீட்டில் சண்டை. கடைசிக் காட்சியில் ஜேக்கும் அவன் கூட்டாளி ஹாக்கின்ஸும் விமானத்தில் போகிறார்கள், உள்நாட்டுப் போர் வரப்போகிறது, அதோடு முடிகிறது. அத்தான் போனில் சொல்கிறார், அவர் பார்த்த முடிவு வேறாம். 2008இல் டிவியில் பார்த்தாரா, பிறகு நண்பர் வீட்டு டிவிடியில் பார்த்தாரா என்று அவருக்கே நிச்சயமில்லை. எனக்கு வந்திருப்பது வெட்டிய பதிப்பா?

ரொறன்ரோ_கனி

அத்தான் சொல்வதும் சரி, உங்கள் டிஸ்க்கும் சரி. இரண்டாம் சீசனை எடுக்கும்போதே தொடர் பிழைக்குமா என்று தெரியாது. அதனால் கடைசிப் பகுதிக்கு இரண்டு முடிவு எடுத்து வைத்தார்கள்: தொடர்ந்தால் கொக்கியில் தொங்கும் ஒன்று, நின்றால் ஓரளவு மூடிவைக்கும் ஒன்று. 2008 மார்ச் 21இல் மறுபடி நிறுத்துவதாகச் சொன்னார்கள், மார்ச் 25இல் கடைசிப் பகுதி வந்தது. மூடிவைக்கும் முடிவுதான் டிவியில் போனது, டிஸ்க்கில் பகுதியாக இருப்பதும் அதுதான்.

மற்றது அதே பெட்டியில் கூடுதல் அம்சங்கள் என்ற மெனுவுக்குள் இருக்கிறது. ஒளிபரப்பாகாத முடிவு என்று போட்டிருக்கும். என்ன நடக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். அந்த ஜூன் மாதம் டிவிடி வந்தபோது நான் முதலில் ஓட்டியதே அதைத்தான். அங்கேயே கடலைப் போராட்டம் பற்றிய சின்னப் படமும் இருக்கிறது, வெண்டைக்காய் கட்டாயம் பார்க்க வேண்டும்.

பழையதட்டு

நீங்கள் "எல்லாவற்றையும் ஓட்டு" என்று போட்டுவிட்டுப் படுத்திருப்பீர்கள். அப்படிப் போட்டால் கூடுதல் அம்சங்கள் வராது. முதன்மை மெனுவுக்குத் திரும்பிப் போய்த் தனியாகத் தேட வேண்டும்.

மதுரை_மொட்டைமாடி

கிடைத்தது. அம்மாவும் நானும் இரண்டு முறை பார்த்தோம். அம்மாவுக்கு டிவியில் வந்த முடிவுதான் பிடித்திருக்கிறது, எனக்கு இது. அத்தானை ஸ்பீக்கர் போனில் போட்டு ஓடவிட்டேன். முதல் வசனத்திலேயே "இதேதான்டா, இதேதான்" என்றார். டிவியில் பார்த்ததாகத்தான் இன்னும் சாதிக்கிறார், நான் விட்டுவிட்டேன்.

இதற்கு மேல் கதை எங்காவது உண்டா?

ரொறன்ரோ_கனி

உண்டு, ஆனால் டிஸ்க்கில் இல்லை. மூன்றாம் சீசனைக் காமிக்ஸ் புத்தகமாக 2009இல் தொடங்கினார்கள், நான்காவதும் வந்தது. அதற்கு ரீஜன் கிடையாது தம்பி, எந்த ஊரில் வாங்கினாலும் திறக்கும்.