கரையிலிருந்து தட்டை மீன்: மறக்க முடியாத ஒரு கடி, உங்களுக்கும் இருக்கிறதா?

ஈயக்குண்டு:
மனசு ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன். கடல் ஏற்றம் தொடங்கிக் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. கரையை ஒட்டிய பள்ளத்தில் இறால் கோத்துப் போட்டு மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டிருந்தேன். தூண்டில் நரம்பு நின்றது. கடி மாதிரியே இல்லை, பாசிதான் மாட்டியிருக்கிறது என்று நினைத்தேன். அப்புறம் அந்தப் பாசி தலையை ஆட்டியது. பிடித்தவர்களுக்கு அந்த ஆட்டம் தெரியும்: டக், டக் என்று நிதானமாக, கனமாக. ஓட்டமே கிடையாது, ஈரச் சாக்கு மாதிரி வந்துகொண்டே இருந்தது.

கணுக்கால் தண்ணீருக்கு வந்ததும்தான் முழு மீனையும் பார்த்தேன். பழுப்பு முதுகு, அதில் துருத்திக்கொண்டு இரண்டு கண். ஒன்று என் பக்கம் உருண்டது, மற்றது கடல் பக்கம். அந்த நேரம் பார்த்து அலை பின்வாங்கியது. தண்ணீர் அடியில் புகுந்து மீனைப் புரட்டியது, வெள்ளை வயிறு ஒரு தடவை மின்னியது, தூண்டில் முள் கழன்றது. கடலுக்குள் ஓடியிருந்தால்கூட ஆறியிருக்கும். ஓடவில்லை! என் காலிலிருந்து ஒரு முழத்தில் அப்படியே படுத்தது. ஓரத் துடுப்பைச் சிலிர்த்து மணலை முதுகில் வாரிப் போட்டுக்கொண்டது, ஆளைக் காணோம். படுத்த இடத்தைக் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே குனிந்து கையை வைத்தேன். வெறும் மணல்.

அந்தக் கடைசி அலையில் நீங்கள் எல்லாம் என்ன செய்கிறீர்கள்?

தங்கூசி:
கைவலை இருந்தால் இந்தப் பேச்சே இல்லை. இல்லாவிட்டால், அலை பின்வாங்கும்போது இழுக்காதீர்கள். கம்பைத் தாழ்த்தி நரம்பை இறுக்கமாக மட்டும் வைத்துக்கொண்டு, அடுத்த அலை உள்ளே வரும்போது அதோடு சேர்ந்து பின்னால் நடங்கள். அலையே மீனைக் கொண்டுவந்து மேட்டில் போட்டுவிடும். தட்டை மீனைத் தண்ணீருக்கு மேலே தூக்கவே கூடாது, தலையை ஆட்டியே கழற்றிக்கொள்ளும்.

என்னுடையது ஒரு மாலை. கம்பு நுனி லேசாக வளைந்தது, நிமிர்ந்தது, மறுபடி வளைந்தது. பக்கத்தில் நின்றவர் “சுண்டு, சுண்டு” என்று கத்துகிறார், கம்பை வெடுக்கென்று இழுத்து முள்ளை ஏற்றச் சொல்கிறார். நான் சுண்டவில்லை. நரம்பைக் கொஞ்சம் தளர்த்திவிட்டுக் காத்திருந்தேன். கம்பு தானாகச் சாய்ந்த பிறகுதான் சுற்றினேன். வாயோரத்தில் சுத்தமாக மாட்டியிருந்தது. அவருடைய முகம்தான் இன்னும் கண்ணில் நிற்கிறது. புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: கடித்ததும் சுண்டாதீர்கள்.

மணல்மேடு:
தங்கூசி சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். எந்த மீன், எந்த இரை என்று சொல்லாமல் “சுண்டாதே” என்றால் எப்படி? எருமைநாக்கு என்கிற தட்டை மீனுக்குப் பெரிய வாய், பல் வேறு. சின்ன மீனைப் பாய்ந்து பிடிக்கிற ஜாதி. அதற்கு 1/0, 2/0 எண் மாதிரிப் பெரிய முள் தாங்கும். நாக்கு மீன் வேறு வகைத் தட்டை மீன், அதற்கு வாய் கோணலாக, துளியூண்டு. புழுவை நுனியிலிருந்து உறிஞ்சி உறிஞ்சித்தான் உள்ளே கொண்டுபோகும், அதற்கு 6ஆம் எண் மாதிரிச் சின்ன முள் வேண்டும். பொறுத்திருப்பது அங்கே சரி. ரப்பர் மீன் போட்டு இழுக்கிறவர் பொறுத்திருந்தால்? பொய் என்று தெரிந்ததும் துப்பிவிட்டுப் போய்விடும். உடனே சுண்ட வேண்டும்.

அப்புறம், பொறுக்கப் பொறுக்க முள் தொண்டைக்குள் போகும். திருப்பி விட வேண்டிய குட்டி மீன் என்றால் அதோடு அதன் கதை முடிந்தது. அப்படி ஆழமாகப் போயிருந்தால் நோண்டாமல், வாய்க்கு அருகில் நரம்பை வெட்டி விட்டுவிடுங்கள். நீளத் தண்டு முள் போட்டால் கழற்றுவது சுலபம். பொறுத்திருக்கத்தான் போகிறேன் என்பவர் நுனி உள்பக்கம் வளைந்த வட்ட முள்ளாவது போடட்டும், அது பெரும்பாலும் வாய் ஓரத்தில்தான் மாட்டும்.

என் கதையா? சின்னதுதான். இரவு, நாக்கு மீன், முழங்கால்கூட வராத தண்ணீர். தலைவிளக்கைக் கீழே திருப்பினால் மணலில் இரண்டு புள்ளி மின்னுகிறது. நான் இரையை எறிந்திருந்ததோ அதற்கு எங்கேயோ அப்பால்.

ரப்பர்வால்:
மணல்மேடு சொன்ன அந்தக் கடைசி வரிக்காகவே எழுதுகிறேன். தூர எறிவதுதான் எல்லோரையும் கெடுக்கிறது. ஒரு தடவை கடல் நன்றாக வற்றியிருந்தபோது கம்பே எடுக்காமல் கரையில் நடந்துகொண்டிருந்தேன். தண்ணீர் இறங்கிய மணலில் தடங்கள். இலை வடிவத்தில், உள்ளங்கை அகலத்திலிருந்து பெரிய தட்டு அகலம் வரை, எல்லாம் ஒரே திசையைப் பார்த்தபடி. ஏற்றத்தில் மீன்கள் வந்து படுத்திருந்த இடங்கள்! அத்தனையும் நான் வழக்கமாக நிற்கிற இடத்துக்கும் கரைக்கும் நடுவில். அதாவது நான் தினமும் அவற்றின் மேல் நடந்து போய், அவற்றைத் தாண்டி எறிந்துகொண்டிருந்தேன். முதல் எறி இப்போதெல்லாம் உலர்ந்த மணலில் நின்றுதான். அதுவும் ஓரமாக, கரைக்கு இணையாக.

கழிமுகத்தான்:
எனக்கு மீனே கிடைக்கவில்லை, காலில்தான் கிடைத்தது. கலங்கல் தண்ணீரில் நடக்கிறேன், பாதத்துக்கு அடியில் மணல் துடித்தது, ஒரு தட்டை மீன் நழுவிக்கொண்டு பாய்ந்தது. நான் போட்ட சத்தத்தில் கரையில் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். அவ்வளவுதான்.

ஆனால் அது திருக்கையாக இருந்திருந்தால்? யாரும் இதைச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். தட்டை மீன் படுக்கும் அதே மணலில்தான் திருக்கையும் படுக்கும். கண் ஒரே பக்கம் இருப்பது தட்டை மீன். பிறக்கும்போது எல்லா மீனையும் போல நிமிர்ந்து நீந்தும், வளரும்போது ஒரு கண் தலையைச் சுற்றி மறுபக்கம் போய்விடும். திருக்கை அப்படி இல்லை, சுறாவுக்குச் சொந்தம், வாலில் முள். காலைத் தூக்கி வைத்து நடக்காதீர்கள், தேய்த்துத் தேய்த்து நடங்கள். அதிர்வு கேட்டால் விலகிப் போகும். குத்திவிட்டால் காயத்தைப் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் வையுங்கள், 45 டிகிரிக்கு மேல் வேண்டாம், 30 முதல் 90 நிமிடம் வரை. வலி பெரும்பாலும் அதில் தணியும். சூடு தாங்குமா என்று குத்து வாங்காத காலை விட்டுப் பாருங்கள், வலியில் இருக்கிற காலுக்குச் சூடு உறைக்காது. முள் நெஞ்சிலோ கழுத்திலோ வயிற்றிலோ ஏறியிருந்தால் பிடுங்கவே கூடாது, அப்படியே மருத்துவமனைக்கு. காலில் என்றாலும் மருத்துவரிடம் காட்டுங்கள், முள்ளின் துண்டு உள்ளே தங்கிவிடும். தனியாக இரவில் இறங்காதீர்கள். இன்னொன்று, ரப்பர் செருப்பு போட்டிருக்கிறோம் என்ற தைரியம் வேண்டாம், முள் அதைத் துளைக்கும்.

தங்கூசி:
கழிமுகத்தாரே, எல்லாம் சரி, அவர் கேட்டது கடைசி அலையைப் பற்றி.

மணல்மேடு அவர்களுக்கு: வட்ட முள் போட்டாலும் சுண்டக் கூடாது, சுண்டினால் வாயிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிடும். ஆக நான் சொன்னதற்குத்தான் நீங்களும் வந்து சேர்ந்திருக்கிறீர்கள். நானும் புழு, இறால், மீன் துண்டு போடுகிறவர்களைத்தான் சொன்னேன்.

மணல்மேடு:
அதை முதலிலேயே எழுதியிருக்கலாமே.

ஈயக்குண்டு:
ரப்பர்வால் சொன்னபடி உலர்ந்த மணலில் நின்று எறிந்தேன், தங்கூசி சொன்னபடி அலையோடு பின்னால் நடந்தேன். மீன் வந்தது. கையகலம். விட்டுவிட்டேன். பழைய மீன் அதைவிட எவ்வளவு பெரியது என்று மட்டும் யாரும் கேட்காதீர்கள்.