வீணை மெட்டு நகர்ந்துவிட்டது, உதவி தேவை

என் வீணையில் மேல் ஸ்தாயி சுருதி சேரவே இல்லை. தஞ்சாவூர் வீணை, 24 மெட்டு (தந்தியை அழுத்தி வாசிக்கும் உலோகக் கம்பிகள்), பிப்ரவரியில் பழையதாக வாங்கியது. எட்டு வயதில் எதிர்வீட்டு ஜன்னலோரம் நின்று கேட்ட ஆசை, 47 வயதில்தான் கைக்கு வந்தது.

ஏப்ரல் வரை நன்றாக இருந்தது. மே வெயிலில் மெட்டுகளைப் பிடித்திருக்கும் மெழுகு இளகி, மெட்டுகள் லேசாகச் சாய்ந்துவிட்டன. முதல் தந்தியான சாரணியை மெட்டில் அழுத்தாமல் வெறுமனே மீட்டினால் ஸட்ஜம் சரி. 12-ஆம் மெட்டில் மேல் ஸட்ஜம் ஏறி ஒலிக்கிறது. தந்தி மாற்றினேன், சுருதிப்பெட்டியோடு ஒப்பிட்டேன், மாடி அறையிலிருந்து கீழே கொண்டுவந்தும் பார்த்தேன். அப்புறம் கடையில் கேட்டால் தஞ்சாவூருக்கு அனுப்பச் சொல்கிறார்கள். வழியில் குடம் அடிபட்டால் தாங்க மாட்டேன். நவராத்திரி கொலுவில் ஒரு கீதமாவது வாசிக்க வேண்டும்.

திருநெல்வேலியில் வீட்டுக்கே வந்து மேளம் கட்டித் தருபவர் (மெழுகில் மெட்டுகளைச் சுருதிக்கேற்பப் பதித்துத் தருபவர்) யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?