புதுப்பிப்பு: ஏற்காட்டு மடிக்கணினிகளுக்கு டெபியன் போட்டாயிற்று

ஏற்காட்டில் பெரியப்பா வீட்டில் பிள்ளைகள் பழகும் நான்கு பழைய மடிக்கணினிகளுக்கு எந்த லினக்ஸ் இயங்குதளம் போடலாம், டெபியனா, ஃபெடோராவா, ஆர்ச்சா என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். மூன்றையும் போட்டுப் பார்த்துவிட்டேன்.

ஆர்ச்சில் நிரல்களை நிறுவி மேம்படுத்தும் கருவியான பேக்மேன் அசத்தலான வேகம். ஆனால் அங்கே அரைகுறை மேம்படுத்தல் கூடாது. நிரல் பட்டியலைப் புதுப்பித்தபின் ஒரு சின்ன நிரல் வேண்டுமென்றாலும் மொத்தத்தையும் மேம்படுத்த வேண்டும். மலையில் இருக்கும் சிக்னலுக்கு அது ஆகாது. 2015இல் ஃபெடோரா 22 முதல் யம் என்ற பழைய கருவிக்குப் பதில் வந்த டிஎன்எஃப் எனக்கு மிகவும் பிடித்தது. செய்ததை 'ஹிஸ்டரி அன்டூ' கொடுத்துத் திருப்பலாம், டெபியன் 13 வரை அதன் கருவியான ஆப்ட்டில் இது இல்லையே என்று ஏக்கமாக இருக்கிறது.

இருந்தும் டெபியனைத் தேர்ந்ததற்குக் காரணம், ஒருமுறை இறங்கிய நிரல் பொதிகளைச் சேமித்து மற்ற கணினிகளுக்கும் தரும் ஆப்ட்-கேச்சர்-என்ஜி. நண்பர் ஒருவர் இங்கேதான் சொன்னார், அவருக்கு நன்றி. சேலம் அஸ்தம்பட்டி வீட்டில் என் மடிக்கணினியில் அதை ஓட்டி, நான்கில் ஒன்றை அதன் வழியாக மேம்படுத்துகிறேன். இறங்கிய பொதிகள் என்னிடமே தங்கிவிடும். ஞாயிறன்று மலையேறி, மற்ற மூன்றின் ப்ராக்ஸியாக, அதாவது பொதிகளை வாங்கித் தரும் இடைக்கணினியாக, என் கணினியில் அது இயங்கும் 3142 போர்ட்டைக் காட்டினால் போதும். பட்டியலைச் சரிபார்க்க மட்டும் கைப்பேசி இணையம். பொதிகள் இப்படிச் சேமிக்கப்பட, அவை இறங்கும் மூலங்கள் எச்டிடிபி முகவரியாக இருக்க வேண்டும். எச்டிடிபியில் மறையாக்கம் இல்லாவிட்டாலும், பட்டியலில் டெபியனின் கையொப்பம் இருப்பதால் பயமில்லை.

அப்புறம், மூன்றும் ஒரே மதியத்தில் முடிந்தன. பிள்ளைகள் ஜிகாம்ப்ரிஸ் என்ற கல்வி விளையாட்டுத் தொகுப்பைக் கேட்டார்கள், அதையும் போட்டுவிட்டேன்.