ரோமுக்கு ஒரே தடவை போகிறவர்கள் வாடிகன் அருங்காட்சியகத்தை விடலாமா?

வைகைக்கரை:
மே மாதம் அப்பா அம்மாவோடு ரோம் போகிறோம். தங்கப்போவது கொஞ்ச நாள்தான். இருவருக்கும் எழுபது நெருங்குகிறது, அம்மாவுக்கு மூட்டுவலி வேறு. பழைய ரோமானிய அரங்கமான கொலோசியத்துக்கும் வாடிகன் அருங்காட்சியகத்துக்கும் முன்பதிவு செய்யலாம் என்றிருந்தேன். அலுவலகத்தில் ஒருவர், "அந்தக் கூட்டத்தில் போய் மாட்டிக்கொள்ளாதே, ஊரைச் சுற்றினாலே போதும்" என்கிறார். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

நாடோடிக் குமரன்:
அவர் சொல்வதுதான் சரி. மிக்கேலாஞ்சலோ ஓவியங்கள் இருக்கிற சிற்றாலயமான சிஸ்டைன் சேப்பலுக்காகத்தான் எல்லோரும் வாடிகன் அருங்காட்சியகத்துக்குப் போகிறார்கள், ஆனால் அது வருவதோ கடைசியில். அதுவரை நீளநீளமான கூடங்களில் கூட்டம் தள்ளுகிற வேகத்தில் போக வேண்டும். வரைபடக் கூடம் மட்டுமே 120 மீட்டர். சேப்பலுக்குள் நுழையும்போது அண்ணாந்து பார்க்கக்கூடத் தெம்பு இருக்காது.

அந்த அரை நாளில் காசில்லாமல் என்ன பார்க்கலாம் தெரியுமா? நவோனா சதுக்கத்துக்குப் பக்கத்தில் சான் லூயிஜி தே ஃப்ரான்சேசி தேவாலயம் இருக்கிறது. உள்ளே இடப்பக்கம் ஒரு சிறு பீடத்தில் ஓவியர் கரவாஜியோ வரைந்த, இயேசுவின் சீடர் மத்தேயுவைப் பற்றிய ஓவியங்கள் மூன்று, 1600ஐ ஒட்டியவை. இருட்டாக இருக்கும். பெட்டியில் ஒரு நாணயம் போட்டால் விளக்கு எரியும். ஒன்றில், இயேசு மத்தேயுவைக் கை நீட்டி அழைக்கிறார், தாடிக்காரர் "என்னையா?" என்பதுபோல விரலைக் காட்டுகிறார். மேசைக் கோடியில் ஓர் இளைஞன் மட்டும் நிமிர்ந்தே பார்க்காமல் காசு எண்ணிக்கொண்டிருக்கிறான். அதற்கு முன்னால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம், யாரும் நகரச் சொல்ல மாட்டார்கள்.

தஞ்சை மாலா:
குமரன், உங்களுக்கு அடிக்கடி ஐரோப்பா போகிற வாய்ப்பு இருக்கிறது. அந்தப் பெரியவர்களுக்கு இது ஒரே தடவை. ஐரோப்பா போகத் தேவையான ஷெங்கன் விசாவுக்கே ஆளுக்கு 90 யூரோ கட்டிப் போகிறவர்களிடம் சிஸ்டைன் சேப்பலை விட்டுவிடுங்கள் என்று எந்த மனதோடு சொல்கிறீர்கள்?

மிக்கேலாஞ்சலோ அந்தக் கூரையை வரைந்தது 1508 முதல் 1512 வரை, முப்பதுகளில். அறுபதைத் தாண்டிய பிறகு அதே சேப்பலின் பீடச் சுவரில் உலக முடிவில் இயேசு தீர்ப்பளிக்கிற காட்சியை, 'இறுதித் தீர்ப்பை', வரைந்தார், 1541இல் முடித்தார். ஆதாமைப் படைக்கிற தெம்பு மேலே. எதிரே, நடுங்கி நிற்கிற கூட்டம், தன் உரித்த தோலைக் கையில் பிடித்திருக்கும் சீடர் பர்த்தலோமேயு. ஒரே மனிதரின் இரண்டு வயதுகளை ஒரே அறையில் நின்று பார்க்க வேறு எங்கே முடியும்? கூட்டம் இருக்கும்தான். நம் ஊர்த் திருவிழாவில் தேர் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது ஒரு காரணமா?

நாடோடிக் குமரன்:
ஓவியம் பெரிது என்பதில் எனக்கும் உங்களுக்கும் சண்டையே இல்லை. களைத்துப்போய் நின்று பார்த்தால் அதில் எவ்வளவு மனதில் ஏறும் என்பதுதான் என் கேள்வி.

கொலோசியத்துக்கும் இதையே சொல்வேன். வடக்குப் பக்கம் போய் நில்லுங்கள். வளைவுகளின் மேல் ரோமானிய எண்கள் வெட்டியிருக்கும். பார்வையாளர்களின் நுழைவாயில் எண்கள் அவை, சில இன்றும் தெளிவாகத் தெரிகின்றன. சுவரெல்லாம் பொத்தல் பொத்தலாக இருப்பது, கற்களைப் பிணைத்திருந்த இரும்பைப் பிற்காலத்தில் தோண்டி எடுத்ததால். இவ்வளவும் வெளியிலிருந்தே பார்க்கலாம். அப்புறம் அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் சான் கிளமென்ட்டே. மேலே 12ஆம் நூற்றாண்டுத் தேவாலயம், அதற்கு அடியில் 4ஆம் நூற்றாண்டுத் தேவாலயம், அதற்கும் அடியில் ரோமானியர் காலத்துக் கட்டடமும், அவர்கள் கும்பிட்ட மித்ரா என்ற தெய்வத்தின் வழிபாட்டு அறையும். அடித்தளத்தில் நின்றால் சுவருக்குப் பின்னால் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்கும். ரோம் ஒன்றின் மேல் ஒன்றாக எழுந்த ஊர் என்பது அங்கேதான் உறைக்கும்.

கொற்கை:
கொலோசியம் டிக்கெட்டைத் தள்ளிவிடாதீர்கள். அதே டிக்கெட்டில்தான் பழைய நகரின் மையமான ரோமன் ஃபோரமும், பக்கத்திலுள்ள பாலட்டைன் குன்றும் வருகின்றன. ஃபோரத்தில் மாக்சென்டியஸ் பசிலிக்கா என்ற பழைய பெருமண்டபத்தின் மூன்று பெரிய வளைவுகள் நிற்கின்றன. அவை நிற்கும் இடத்தில் அதற்கு முன் இருந்தது பேரரசர் டொமிஷியன் காலத்து மிளகுக் கிடங்கு. யவனர் கலங்கள் முசிறிக்குப் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பின என்று அகநானூறு சொல்கிறதே, அந்தச் சேரநாட்டு மிளகு போய்ச் சேர்ந்த ஊர் இது. 408இல் கோத் இன மன்னர் அலாரிக் ரோமை முற்றுகையிட்டபோது, விலகிப்போகக் கேட்ட பொருள்களில் 3000 பவுண்டு மிளகும் இருந்தது. தமிழ் படித்தவர் ரோமுக்குப் போய் அந்த இடத்தைப் பார்க்காமல் திரும்பலாமா?

தஞ்சை மாலா:
கொற்கை சார், அந்த வளைவுகளைப் பார்க்க வேண்டும் என்பதில் எனக்கும் ஆசைதான். ஆனால் கேட்டவரின் அம்மாவுக்கு மூட்டுவலி. ஃபோரத்துப் பழைய கற்பாதை மேடும் பள்ளமுமாக இருக்கும். குமரன் சொல்கிற சான் கிளமென்ட்டேயிலோ அடித்தளம்வரை படிகள். அவர் ஒதுக்கச் சொல்கிற வாடிகன் அருங்காட்சியகத்தில்தான் மின்தூக்கி இருக்கிறது, சக்கர நாற்காலியும் இலவசமாகத் தருகிறார்கள். கொலோசியத்துக்குள்ளும் மின்தூக்கி உண்டு. வயதானவர்களுக்குச் சின்ன இடமே சௌகரியம் என்று நாமாக முடிவு கட்டிவிடுகிறோம்.

நாடோடிக் குமரன்:
படி விஷயம் நியாயம். அப்படியானால் பழைய ரோமானியக் கோயிலான பாந்தியனைச் சேருங்கள். உள்ளே படி ஏறி இறங்குகிற வேலையே இல்லை, கட்டணம் 5 யூரோ. இரும்புக் கம்பியே இல்லாத கான்கிரீட் குவிமாடம், விட்டம் 43 மீட்டருக்குச் சற்று மேல், கட்டி ஏறத்தாழ 1900 ஆண்டுகள் ஆகின்றன. உச்சியில் திறந்த துளை. மழை பெய்தால் உள்ளேயே விழும். தரையைக் கூர்ந்து பாருங்கள், நடுவில் லேசாக மேடாக்கி, தண்ணீர் வடியச் சிறு சிறு ஓட்டைகள் போட்டிருப்பார்கள். தெருக்களில் நசோனி என்ற குடிநீர்க் குழாய்கள் நிறைய உண்டு. குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலுள்ள துளை வழியாகத் தண்ணீர் பீறிடும், குனியாமல் குடிக்கலாம். வாடிகனைப் பற்றிய என் கருத்து மட்டும் மாறவில்லை.

வைகைக்கரை:
எல்லோருக்கும் நன்றி. வாடிகனுக்குச் சக்கர நாற்காலியோடு போவதென்று முடிவு. கொலோசியம் டிக்கெட்டும் எடுக்கிறேன். அம்மா உள்ளே மின்தூக்கியில் ஏறிப் பார்க்கட்டும், ஃபோரத்துக்குள் அப்பாவும் நானும் மட்டும் போய் அந்த வளைவுகளைப் பார்த்து வருகிறோம். மாலையில் கரவாஜியோ, பாந்தியன். வாடிகனை ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளலாமா?

நாடோடிக் குமரன்:
வேண்டாம். ஞாயிறு மூடியிருக்கும். மாதக் கடைசி ஞாயிறு மட்டும் இலவசமாகத் திறப்பார்கள், அன்று வரிசை மதிலைச் சுற்றி நீளும். வேறு நாளில் காலை முதல் நேரத்துக்குப் பதிவு செய்யுங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம்.

தஞ்சை மாலா:
குமரனே வாடிகனுக்கு வழி சொல்கிறாரே, மகிழ்ச்சி. ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: புனித பேதுரு பேராலயத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. உள்ளே போனதும் வலப்பக்கம், கண்ணாடிக்குப் பின்னால், இறந்த இயேசுவை மரியாள் மடியில் ஏந்திய மிக்கேலாஞ்சலோவின் சிற்பம் பியெத்தா இருக்கிறது. அம்மாவை அங்கே கொஞ்ச நேரம் உட்கார வைத்துவிட்டு அப்புறம் மற்றதைப் பாருங்கள்.