காய்ந்த ரோட்டில், வண்டி நிற்கும் நேரத்தில் ஏபிஎஸ் உதைப்பது ஏன்?

கேள்வி:
10 வருடப் பழைய கார். மெதுவாகப் பிரேக் பிடித்து நிறுத்தும்போது, 10 கி.மீ. வேகத்துக்குக் கீழே வந்ததும் பெடல் கடகடவென்று காலை உதைக்கிறது. ரோடு காய்ந்திருக்கிறது, டயர் வழுக்கவில்லை. ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுற்றாமல் லாக் ஆவதைத் தடுக்கும் அமைப்பு) விளக்கும் எரியவில்லை. மெக்கானிக் ஏபிஎஸ் யூனிட்டையே மாற்றச் சொல்கிறார். அதுவரை ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு ஓட்டலாமா?

பதில் 1:
யூனிட்டில் கை வைக்காதீர்கள். பெரும்பாலும் அது ஒழுங்காகத்தான் இருக்கும். அதற்குப் போகிற தகவல்தான் தப்பு. நான்கில் ஒரு சக்கரம் மட்டும் திடீரென்று வேகம் குறைந்ததாக சென்சார் சொன்னால், அந்தச் சக்கரம் லாக் ஆகப் போகிறது என்றே கம்ப்யூட்டர் நினைக்கும். உடனே இன்லெட் வால்வு ஆயில் வழியை அடைக்கும், அவுட்லெட் வால்வு திறந்து அழுத்தத்தை இறக்கும், பம்ப் அந்த ஆயிலை மாஸ்டர் சிலிண்டர் பக்கம் திருப்பித் தள்ளும். ஒரு நொடிக்குள் இது பல தடவை. காலில் படும் உதை அதுதான்.

சுருள் வகை சென்சாரில் சக்கரம் மெதுவாகச் சுற்றச் சுற்ற வோல்டேஜும் குறையும். சென்சார் உட்காரும் இடத்தில் துரு ஏறினால், அது சென்சாரை, சக்கரத்தோடு சுற்றும் பல் வளையத்திலிருந்து நெம்பித் தள்ளிவிடும். வேகத்தில் சமாளிக்கும், 10-க்குக் கீழே சிக்னல் செத்துவிடும். வயர் அறுந்திருந்தால் விளக்கு எரிந்திருக்கும்.

பதில் 2:
எந்தச் சக்கரம் என்று பார்க்க, ஏபிஎஸ்ஸையும் படிக்கும் ஸ்கேனர் வேண்டும். இன்ஜினை மட்டும் படிப்பது உதவாது. நேராக ஓட்டி மெல்ல நிறுத்துங்கள், பக்கத்தில் இருப்பவர் 4 சக்கர வேகத்தையும் கவனிக்கட்டும். மற்றவை ஓடும்போதே எது 0-க்கு விழுகிறதோ, அதுதான். ஸ்கேனர் இல்லையா? சென்சார் பிளக்கைக் கழற்றி, மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். இடது, வலது இரண்டையும் ஒப்பிட்டால் போதும். ஓம் (சென்சாரின் மின்தடை) சரியாக இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள், வளையத்துக்கும் சென்சாருக்கும் இடைவெளி கூடியதை ஓம் காட்டாது. சுருள் இல்லாத, மின்னணு ஹால் வகை சென்சாருக்கு இந்த இரண்டு சோதனையும் செல்லாது, ஸ்கேனர்தான்.

கழற்றும்போது வயரைப் பிடித்து இழுக்க வேண்டாம். துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து, ஊறவிட்டு, இடமும் வலமும் திருகி எடுங்கள். உட்காரும் இடத்தை எமரி தாளால் பளபளவென்று தேயுங்கள். வளையத்தையும் ஒரு முழுச் சுற்று பாருங்கள்: விரிசல் விட்டிருந்தால் இரண்டு பல்லுக்கு நடுவே மட்டும் இடைவெளி அகலமாக இருக்கும். பேரிங் ஆடினாலும் இதே தொல்லை வரும்.

பதில் 3:
ஃப்யூஸ் விஷயம்: வேண்டாம். இபிடி (முன், பின் பிரேக்குகளுக்கு அழுத்தத்தைப் பிரித்துக் கொடுக்கும் வசதி) உள்ள வண்டியில் பின் பிரேக்கின் அழுத்தத்தை அளந்து கொடுப்பதும் இதே யூனிட்தான். ஃப்யூஸ் போனால் அதுவும் போகும். அழுத்திப் பிடிக்கும்போது பின்சக்கரம் முதலில் லாக் ஆனால், வண்டி பின்பக்கமாகச் சுழன்றுவிடும்.