செமிப்ரைம்: 'அரைப்பகா எண்' வேண்டாமே

> 'அரைப்பகா எண்' என்றே வைத்துவிடலாம், சுருக்கமாக இருக்கிறது.

செமிப்ரைம் (semiprime) என்றால் இரண்டு பகா எண்களைப் பெருக்கி வரும் எண், அதற்குத்தான் தமிழ்ப் பெயர் தேடுகிறோம். 'அரைப்பகா' சுருக்கம்தான், ஆனால் அதில் அரை எங்கே இருக்கிறது? 15 என்பது 3×5, முழுசாக இரண்டு பகா எண்கள். 'இரட்டைப் பகா' என்று முன்பு வந்த யோசனையும் ஆகாது, 11, 13 மாதிரி இரண்டு தள்ளி நிற்கும் ஜோடிகளுக்கு அந்தப் பெயரைப் பாடநூலில் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. 'ஈர்பகா' இலக்கணத்துக்கு இடிக்கும். அடுத்து உயிரெழுத்து வந்தால்தான் ஈர்.

நான் சொல்வது: இருபகாப் பெருக்கம். கொஞ்சம் நீளம்தான், ஆனால் சொல்லைப் பிரித்தாலே வரையறை கிடைத்துவிடும். 4, 9, 25 சேருமா என்பதற்கு மட்டும் ஒரு வரி தேவை (சேரும், ஒரே பகா எண் இருமுறை வரலாம்). 8, 12, 18 எல்லாம் முப்பகாப் பெருக்கம். இலங்கையில் முதன்மை எண் என்பவர்கள் இருமுதன்மைப் பெருக்கம் என்று வைத்துக்கொள்ளலாம், அச்சு ஒன்றுதான்.

சொல் புழக்கத்தில் தாங்குமா என்று பார்க்க, ஒவ்வொரு பகா எண்ணுக்கும் கீழே எத்தனை இருபகாப் பெருக்கங்கள் என்று எண்ணிப் பார்த்தேன். 5க்குக் கீழே 1 (4 மட்டும்), 7க்கு 2, 11க்கு 4, 13க்கும் 4, 17க்கு 6, 19க்கும் 6, 23க்கு 8, 29க்கு 10, 31க்கும் 10. கவனித்தீர்களா, 7ஐத் தாண்டிவிட்டால் இரட்டைப் பகா எண்கள் வரும் இடத்தில் எண்ணிக்கை அசைவதே இல்லை! நடுவில் சிக்குவது 12, 18, 30 என்று எப்போதும் 6இன் மடங்கு. 6ஐ விட்டால் அதன் எந்த மடங்குக்கும் குறைந்தது மூன்று பகாக் காரணிகள் இருக்கும், அதனால் அது கணக்கில் சேராது. இதையே 'அரைப்பகா', 'இரட்டைப் பகா' இரண்டையும் போட்டு எழுதிப் பாருங்கள், நாலாவது வரியில் எது எதுவென்று தலை சுற்றும்.

அரிதான எண்களுக்கு எதற்கு இத்தனை பாடு என்று யாரோ கேட்டிருந்தீர்கள். அரிதே இல்லை. 100க்குக் கீழே பகா எண்கள் 25, இவை 34. 1000க்குக் கீழே 168, இவை 299. ஆர்எஸ்ஏ (RSA) என்ற, தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டும் மறையாக்க முறையின் பொதுச் சாவியில் (எல்லோருக்கும் தெரியும்படி வெளியிடும் சாவி) இருப்பதும் பொதுவாக இப்படி ஒரு பெருக்கம்தான், பெருக்குவது சுலபம், திரும்பப் பிரிப்பதுதான் பெரும்பாடு. 250 இலக்க ஆர்எஸ்ஏ எண் ஒன்றைப் பிரித்து முடித்ததே 2020இல்தான்.

ஓர் எண்ணுக்குக் கீழே இவை எத்தனை என்று சொல்லும் எண்ணிக்கைச் சார்புக்குப் பெயர் அப்புறம் பார்ப்போம். மறுப்பவர்கள் மாற்றுச் சொல்லோடு வாருங்கள், 'நன்றாயில்லை' என்று மட்டும் எழுதாதீர்கள்.