மனசு மாறினால் கையில் காசு நிற்குமா?

அவனியாபுரத்தான்:
என் பெரியம்மா மகள் திருப்பரங்குன்றம் கோயில் பக்கம் பூ விற்கிறார். எனக்கு அக்கா. பல வருஷமாக நூறு நாள் தண்டலில்தான் அவர் பிழைப்பு ஓடியது. பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு கையில் 8,500 கொடுப்பார்கள். தினம் 100 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். ஒன்று முடிந்ததும் அடுத்தது. வருஷத்துக்கு மூன்றரைத் தண்டல் என்று வைத்தாலே பிடித்தம் மட்டும் 5,000-ஐத் தாண்டும். கேட்டால், "நம்ம தொழிலுக்கு இதுதான் விதி" என்பார்.

2022-இல் ஒருநாள் என் மகளின் பழைய நோட்டை வாங்கிப் போனார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கோடு போட்டார். ஒரு கோடு என்றால் 100 ரூபாய். இடது பக்கம் அன்றைக்கு மிஞ்சியது, வலது பக்கம் தண்டலுக்குப் போனது. ஆடி மாதம் கல்யாணமும் இல்லை, வியாபாரமும் இல்லை. இடது பக்கம் ஒரு கோடுகூட விழாத நாட்களிலும் வலது பக்கம் கோடு விழுந்திருந்தது. நோட்டை என் முன்னால் விரித்து, "இவன் எனக்குப் பங்காளி மாதிரில்லடா இருக்கான்" என்றார். மறுநாளிலிருந்து தினம் 40 ரூபாயைத் தனியாக ஒரு டப்பாவில் போட்டார். ஏழு மாதத்தில் 8,500 சேர்ந்தது. அதற்குப் பிறகு அவர் தண்டல் வாங்கவே இல்லை.

வருமானம் ஒரு ரூபாய் கூடவில்லை. மல்லி விலை அவர் கையில் இல்லை. மனசுதான் மாறியது. இப்படிப் பத்துப் பேர் மாறினால் தெரு மாறும், ஊர் மாறும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

மேலூர் ஒருபோகம்:
அண்ணே, அக்கா செய்தது பெரிய காரியம். ஆனால் நீங்கள் சொல்லும் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை.

என் பெயரைப் பாருங்கள். 1895-இல் பெரியாறு அணை கட்டித் தண்ணீரை இந்தப் பக்கம் திருப்பினார்கள். கள்ளந்திரி வரை இருபோகம். அதைத் தாண்டினால் எங்கள் பக்கம் ஒருபோகம். இருபோகக்காரர்களும் நாங்களும் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் சொந்தங்கள்தான். அவர்கள் வீடு கட்டியதும் எங்கள் ஆட்கள் திருப்பூருக்கும் கேரளாவுக்கும் வேலை தேடிப் போனதும் மனசால் நடந்ததா? மதகு எங்கே திறந்தது என்பதால் நடந்தது.

இன்னொன்று. தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகள் 464 பேரை வெட்டுக்கு முன்பும் பின்பும் சோதித்து, 2013-இல் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வெளியானது. வெட்டுக்கு முன், கையில் காசில்லாத நேரத்தில் புதிர்களில் தடுமாறிய அதே விவசாயி, பணம் வந்த பிறகு நன்றாகவே செய்தார். ஆள் ஒன்றுதான். கடன் தலையில் ஏறி உட்கார்ந்தால் யோசிக்க இடமில்லாமல் போகிறது. காசு நெருக்கடி குறைந்தால் மனசு தானே தெளியும். நீங்கள் வண்டியை மாட்டுக்கு முன்னால் கட்டுகிறீர்கள்.

ஒரே ஒரு கேள்வி. அந்த 40 ரூபாய் எங்கிருந்து வந்தது? 2021 மே மாதத்திலிருந்து அரசு சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அக்கா தினம் மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குப் போய்வருபவர்தானே?

தேர்வறை:
மேலூர் அண்ணன் பக்கம் நான். மூன்று வருஷமாகக் குரூப் தேர்வுக்குப் படிக்கிறேன். நான் படித்த கல்லூரியில் வருஷம் தவறாமல் ஒருவரை அழைத்து வந்து "உன்னால் முடியும்" என்று இரண்டு மணி நேரம் பேச வைப்பார்கள். கைதட்டுவோம். ஆனால் வேலைக்கு ஆள் எடுக்க ஒரு கம்பெனியும் வராது. தோற்றால் உன் மனசு சரியில்லை என்று நம்மையே குற்றவாளி ஆக்கும் பேச்சு அது. எனக்கு அதில்தான் கோபம்.

அவனியாபுரத்தான்:
தம்பி, அந்தக் கோபம் நியாயம். மேடைப் பேச்சை நான் மனமாற்றம் என்று சொல்லவில்லை.

மேலூர்த் தம்பி, அக்காவிடம் கேட்டேன். நீங்கள் சொன்னது சரி. பஸ்ஸுக்குப் போன காசைத்தான் டப்பாவில் போட்டிருக்கிறார். ஆனால் அதே வாசலில் பதினொரு பெண்கள் பூ விற்கிறார்கள். எல்லாரும் அதே பஸ்ஸில்தான் வருகிறார்கள். பத்துப் பேர் இன்றும் தண்டலில். இதற்கு என்ன சொல்வீர்கள்?

ஆய்வு என்றால் என்னிடமும் ஒன்று உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவில் டோகோ நாட்டில் 1,500 சிறு வியாபாரிகளிடம் செய்தது, 2017-இல் வந்தது. ஒரு பகுதியினருக்கு வழக்கமான கணக்கு வழக்குப் பயிற்சி. இன்னொரு பகுதியினருக்கு, தானே முன்கை எடுப்பது, தடங்கல் வந்தால் விடாமல் வழி தேடுவது என்று மனப்போக்குக்கான பயிற்சி. இந்த இரண்டாவது கூட்டத்தின் லாபம் 30 சதவீதம் கூடியது. கணக்குப் பயிற்சி பெற்றவர்களுக்குச் சொல்லிக்கொள்ளும்படி கூடவில்லை.

நம் ஊரிலேயே டாக்டர் வெங்கடசாமி இல்லையா? முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன மனிதர், அரசுப் பணியில் ஓய்வு பெற்று 58 வயதில், 1976-இல், 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார்.

மேலூர் ஒருபோகம்:
டாக்டர் ஐயா மீது எனக்கும் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அவருக்குக் கையில் தொழில் இருந்தது, நகையை அடகு வைத்துக் கொடுக்கக் கூடப்பிறந்தவர்கள் இருந்தார்கள். அந்தப் பத்துப் பெண்களுக்கு யார் இருக்கிறார்கள்? ஒருத்திக்குக் குடிக்கிற புருஷன், இன்னொருத்திக்குப் படுக்கையில் மாமியார். எல்லாருக்கும் அந்த 40 ரூபாய் 40 ரூபாயாகவே கைக்கு வருவதில்லை.

வடக்கு மாசி வீதி:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கணும். நீங்கள் பேசுகிற இதே விஷயத்தைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். இந்தியாவிலும் பிலிப்பைன்ஸிலுமாக மூன்று இடங்களில், வட்டிக்காரரிடம் சிக்கிய சந்தை வியாபாரிகளின் கடனை ஆய்வாளர்களே அடைத்துவிட்டார்கள். பெரும்பாலோர் ஆறு வாரத்துக்குள் திரும்பவும் கடன் வாங்கினார்கள். ஒன்றிரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால், கடன் அடைக்கப்படாதவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. காசு நெருக்கடி போனால் மனசு தானே தெளியும் என்பது இங்கே நடக்கவில்லையே, மேலூராரே.

அவனியாபுரத்தான்:
இதைத்தான் நானும் சொல்கிறேன்!

மேலூர் ஒருபோகம்:
அவசரப்படாதீர்கள் அண்ணே. ஏன் திரும்ப வாங்கினார்கள்? கடனை அடைத்தார்களே தவிர, அடுத்து வரும் காய்ச்சலுக்கும் பள்ளிக்கூடச் செலவுக்கும் யாரும் பணம் கொடுத்து வைக்கவில்லை. அக்காவிடம் இதையும் கேளுங்கள். தண்டலை விட்ட பிறகு வீட்டில் ஒரு நோயும் வரவில்லையா? வந்தபோது காசு யார் கொடுத்தது?

பூமாலை:
நான் மகளிர் குழுக்களில் பதினைந்து வருஷமாக வேலை செய்கிறேன். இரண்டு தம்பிமாரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். பெண்களின் மனசு தனியாக மாறி நான் பார்த்ததில்லை. வாராவாரம் பாய் விரித்து உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக்காரி கடன் வாங்கித் திருப்பிக் கட்டுவதைக் கண்ணால் பார்க்கும்போதுதான் "நாமும் கேட்டால் என்ன" என்று தோன்றும். அழகர்கோவில் பக்கத்துச் சின்னப்பிள்ளை அம்மாவும் விவசாயக் கூலிதான், எழுதப் படிக்கத் தெரியாதவர்தான். களஞ்சியம் குழுக்களில் ஊர் ஊராகப் பெண்களைத் திரட்டினார். பிரதமர் வாஜ்பாய் விருது மேடையில் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-இல் பத்மஸ்ரீ. அவர் மனசு உறுதியானதுதான். ஆனால் அந்த உறுதி கூட்டத்துக்குள் உட்கார்ந்து வந்தது.

அவனியாபுரத்தான்:
நேற்று ராத்திரி அக்கா வீட்டுக்கே போய்க் கேட்டுவிட்டு வந்தேன். எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னார். தண்டலை விட்ட அதே வருஷம் கார்த்திகையில் மகனுக்கு டெங்கு. ஐந்து நாள் ஆஸ்பத்திரி. தண்டல்காரருக்குப் போன் போட எண்ணைத் தேடி எடுத்தாராம். அப்புறம் குழுவில் கேட்டிருக்கிறார். மறுநாளே 5,000 கொடுத்தார்கள், நூற்றுக்கு ஒன்றரை வட்டிக்கு.

மேலூர்த் தம்பி, அந்த 5,000 இல்லை என்றால் மறுபடி தண்டல்தான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முழுசும் கேளுங்கள். அந்தக் குழு அவர் தெருவில் ரொம்ப நாளாக இருந்தது. நான்கு வருஷம் கூப்பிட்டும், "படிச்சவங்க பாக்குற கணக்கு, எனக்கு எதுக்கு" என்று சொல்லி இவர் சேரவில்லை. நோட்டில் கோடு போடத் தொடங்கிய இரண்டாம் மாதம்தான் சேர்ந்தார். "என் கணக்க நானே பாத்துட்டேன், அங்க போய் உக்கார என்ன பயம்" என்றார். கதவு திறந்தே இருந்தது தம்பி. உள்ளே போகும் தைரியம் அந்தக் கோட்டிலிருந்துதான் வந்தது.

பூமாலை:
அந்தப் பத்துப் பெண்கள் எந்தத் தெரு? குழுவில் இருக்கிறார்களா?

அவனியாபுரத்தான்:
மூன்று பேர் அக்கா தெரு. மற்றவர்கள் ஹார்விபட்டி, திருநகர் பக்கம். ஒருவரும் குழுவில் இல்லை அக்கா. மார்கழி, தையில் பூ வரத்துக் குறைந்து கிலோ ஆயிரக்கணக்கில் ஏறும். அப்போது முதலுக்கு இன்னும் பெரிய தண்டல் எடுப்பார்கள். அதற்கு முன் பேசினால் நல்லது.

மேலூர் ஒருபோகம்:
குழு இல்லாத ஊருக்குக் குழுவும், தண்ணீர் இல்லாத ஊருக்குத் தண்ணீரும் முதலில் வரணும் என்பதில் நான் மாறவில்லை அண்ணே. ஆனால் அந்த நான்கு வருஷத்துக்கு என்னிடம் பதில் இல்லை. ராத்திரி முழுக்க யோசித்தேன்.

என் அம்மா மேலூர் பஸ் ஸ்டாண்டில் கடலை விற்கிறார். அவரும் தண்டல்தான். அவருக்கும் படிக்கத் தெரியாது. அக்காவுக்குச் சம்மதம் என்றால், அந்த ஆடி மாதப் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்துப் போடுங்கள்.

அவனியாபுரத்தான்:
சம்மதம் சொல்லிவிட்டார். போட்டோவில் கோடு சரியாகத் தெரியாது, நோட்டையே கொண்டு போய்க் காட்டு என்கிறார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மேலூர் வருகிறேன். அம்மா எந்தப் பக்கம் உட்காருவார்?

மேலூர் ஒருபோகம்:
சிவகங்கை பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில். நாலு மணிக்கு மேல் வாங்க அண்ணே, அப்போதுதான் கூட்டம் குறையும்.